விளக்கை அணைப்போம்

அந்த வாசகத்தை எழுதியது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் இருக்கிறது. எழுதியவர் எங்கள் மேனேஜர். ஆனால் அது தப்பு என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணூர் போகும் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கடிதம் டைப் அடிப்பது, ஃபைல் கட்டுவது, வருகிறவர்களை உட்காரவைத்து டீ சொல்வது. ஆனாலும் எங்கள் குப்பத்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போன முதல் பெண் நான். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த அட்டையைக் கழற்ற மாட்டேன். "தூங்கும்போதும் போட்டுக்கினு தூங்கு" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

குப்பம் என்று நான் சொல்வது திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பு. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு நாங்கள் ஹைரோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்து நிமிஷ நடைதான். ஆனால் ஆபீசில் வீடு எங்கே என்று யாராவது கேட்டால் ஹைரோடு என்றுதான் சொல்வேன். குப்பத்தின் பெயர் என் வாயில் வராது. பேச்சையும் மாற்றியிருந்தேன். 'இன்னா' போய் 'என்ன' வந்திருந்தது, 'கீது' போய் 'இருக்கு' வந்திருந்தது. அவசரத்தில் 'வூடு' என்று வந்துவிட்டால் இருமி மழுப்புவேன். எங்கள் பேச்சை சினிமாவில் ரவுடிகளுக்கும் காமெடியன்களுக்கும் மட்டும் கொடுத்திருந்தார்கள். ஆபீசில் நான் அந்த இரண்டில் எதுவாகவும் தெரிய விரும்பவில்லை.

அந்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும், அக்கம்பக்கத்து மக்களோடு சேர்ந்து ஒரு நாள் ஒரு மணி நேரம் எல்லா விளக்குகளையும் நிறுத்தி விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அக்கம்பக்கம் என்றால் எது? மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எங்கள் குப்பம் தெரிந்தது.

"நீ அந்தப் பக்கம்தானேம்மா?" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆமாம் என்றேன். உடனே நான் பெரிய ஆளாகிவிட்டேன். நிகழ்ச்சிப் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. வாசகம் எழுதக் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான், தமிழில் ஆர்வம் உள்ளவர். வெள்ளைப் பலகையில் அழகான எழுத்தில் எழுதினார்: 'விளக்கை அணைப்போம், பூமியைக் காப்போம்.' எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "எப்படி இருக்கு? உங்க ஜனங்களுக்குப் புரியுமா?" என்று கேட்டார்.

புரியும். நன்றாகவே புரியும். அதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் லைட் வேறு, விளக்கு வேறு. லைட் என்றால் கரண்டில் எரிவது. அதை நிறுத்தலாம், ஆஃப் பண்ணலாம், அணைக்கக்கூடச் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. விளக்கு என்றால் சாமி படத்துக்கு முன்னால் எண்ணெயில் எரிவது. அதை அணைப்பது என்ற பேச்சே கிடையாது. குளிரவைப்பார்கள். தானாக நின்றுபோனால் மலையேறிவிட்டது என்பார்கள். ஆறு வயதில் 'விளக்கு அணைஞ்சிபோச்சிம்மா' என்று சொல்லி வாய்மேலேயே ஓர் அடி வாங்கியிருக்கிறேன். அதிலும் வீட்டு ஆண்பிள்ளை கடலில் இருக்கும்போது அந்தச் சொல்லை மனசில் நினைக்கக்கூட மாட்டார்கள். கடலுக்குப் போகிற ஜனங்களின் வாசலில் 'விளக்கை அணைப்போம்' என்று எழுதி ஒட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

'லைட்டை நிறுத்துவோம்' என்று மாற்றுங்கள் சார் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் மாற்றியிருப்பார். ஆனால் ஏன் என்று கேட்பார். நான் குளிரவைப்பதையும் மலையேறுவதையும் அந்த ஏசி அறையில், இங்கிலீஷ் பேசுகிற ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். யாராவது சிரிப்பார்கள். "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன்.

குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் போட்டேன். பெண்கள்தான் நிறைய வந்திருந்தார்கள். பூமி சூடாகிறது, பனிமலை உருகுகிறது, கடல் மட்டம் ஏறும், கரையோர ஊர்கள் தண்ணீருக்குள் போகும் என்று படிக்கிற தமிழில் முழங்கினேன். ஒரு கிழவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்.

"கடலு ஏறும்ன்னு நீ வந்து சொல்லணுமா? எங்க வூடு முன்ன எங்க இருந்திச்சி தெரியுமா? தோ, அங்க." அவர் காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. "மூணு தெரு உள்ள பூடிச்சி. அப்பால தான் இந்தக் கல்ல கொண்டாந்து கொட்னாங்கோ."

அது எனக்கும் தெரியும். நான் பிறந்த வீடும் அந்த மூன்று தெருக்களில்தான் இருந்தது. ஆனால் நான் கொண்டுபோன அச்சடித்த தாளில் அது இல்லை. அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொருத்தி கேட்டாள்: "தெனிக்கும்தான் ரெண்டு அவுரு கரண்ட்ட புடுங்கிக்கிறானே, அத்த கணக்குல வச்சிக்கக் கூடாதா?" கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து ஒருத்தி எங்கள் கம்பெனிப் பக்கம் கையை நீட்டினாள். பட்டப்பகலில் அங்கே நூறு லைட் எரிந்துகொண்டிருந்தது. "அத்த எப்போ நிறுத்துவீங்கோ?"

"அது ப்ராசஸ்" என்றேன். "நடுவுல நிறுத்த முடியாது."

அன்றிலிருந்து குப்பத்துப் பிள்ளைகள் என்னை 'ப்ராசஸ் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோபம் வந்தது. ஆனாலும் கூட்டம் முடிவில் எல்லோரும் சரி என்றார்கள். பூமிக்காகவா? தெரியாது. "நம்ம பொண்ணு வந்து கேக்குது, ஒரு அவுருதானே" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரம் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டினோம். நான் நினைத்தபடியே முகம் சுளித்தார்கள். சிலர் நான் நகர்ந்ததும் கிழித்தார்கள். கடல் பார்த்த கடைசி வரிசையில் ஓர் அக்கா மட்டும் என் முகத்துக்கு நேராகவே கிழித்தாள். எங்கள் பழைய வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள். கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனபோது என் கையில் வாட்ச் இல்லை என்று தன் கல்யாண வாட்சைக் கழற்றிக் கட்டி அனுப்பியவள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பாதான்.

"இன்னா பாப்பா, உனுக்குமா தெரியாது? இத்த போயி என் வாசப்படில ஒட்டிக்கினு கீற?"

கூட வந்த ஆபீஸ் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கைக்கா. இது வெறும் வார்த்தை" என்றேன், சுத்தமான தமிழில். அவள் கிழித்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு மணி வரை என்று முடிவு செய்திருந்தோம். அன்று மதியம் குப்பத்துக்குப் போனபோதே சரியில்லை. அக்காவின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் முந்தின நாள் விடியலில் ஃபைபர் போட்டில் போனவர்கள், அன்றைக்கே திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. தேடிக்கொண்டு இரண்டு போட் போயிருந்தது. போன் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு போட் நேரத்துக்கு வராவிட்டால் அந்த வீட்டில் விளக்கு ஓயாமல் எரியும். யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வாசல் பல்பும் எரியும், பகலென்றும் பார்க்க மாட்டார்கள். ஆள் வந்து சேர்கிற வரைக்கும் அப்படித்தான்.

அக்கா என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாப்பா, எல்லாரும் நிறுத்தட்டும். என் ஒரு வூட்ட மட்டும் வுட்டுடு. அந்தாளு வந்து சேரட்டும், ஒரு மாசம் வேணா நான் லைட்டே போடாம கீறேன்."

"சரிக்கா" என்றேன். நான் சொன்னேன். வாயைத் திறந்து, அவள் கண்ணைப் பார்த்து, சரி என்று சொன்னேன்.

ஏழு மணிக்கு ஒவ்வொரு வரிசையாக லைட் நின்றது. அதை மறைக்க மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. டிவி சத்தம் நின்றதும் கடல் சத்தம் பக்கத்தில் கேட்டது. ஜனங்கள் வெளியே வந்து மணலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இருட்டில் கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரோ வறுத்த கடலையைச் சுற்றுக்கு விட்டார்கள். இத்தனை பேர் என் சொல்லுக்காக ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பூமியை நாங்கள் நிஜமாகவே காப்பாற்றிவிடுவோம் என்று அந்தப் பத்து நிமிஷம் நம்பினேன்.

மேனேஜர் அலைத்தடுப்புக் கல்மேல் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் போட்டோ எடுப்பவர். கேமராவில் எங்கள் கம்பெனி லைட் விழாத கோணமாகப் பார்த்து, வடக்கே முதுகைக் காட்டி நின்றார்கள். இருட்டான குப்பம், நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு.

"யாரும்மா அது? ஒரு வீட்டால மொத்தப் படமும் கெடுது" என்றார் மேனேஜர்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு ஆள் கடலில் இருக்கிறான் சார் என்று ஐந்தாறு வார்த்தைகள் போதும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "இதோ சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வீட்டில் யாரும் இல்லை. காசிமேடு துறைமுகத்துக்கு வந்த விசைப்படகில் யாரோ அவர்களைப் பார்த்ததாகச் சேதி வந்து, அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத் தம்பியோடு அங்கே ஓடியிருந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பல்பின் சுவிட்ச் உள்பக்கச் சுவரில். நான் கதவைத் தள்ளினேன். கடல் காற்று என்னை முந்திக்கொண்டு உள்ளே போனது. எதிர்ச் சுவர்ப் பலகையில் சாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நின்றுபோனது.

திரி கருகிய வாசனை வந்தது. தீப்பெட்டி விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. பல்பு வெளிச்சத்தில் எண்ணெய் பளபளத்தது, அகல் நிறைய இருந்தது. இரண்டு எட்டு வைத்துக் குச்சியைக் கிழித்திருந்தால் முடிந்தது. நான் கிழிக்கவில்லை. ஏற்றினால் ஜன்னல் வழியாகத் தெரியும். நல்லதாகப் போயிற்று, இனி முழு இருட்டு என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. இன்றைக்கும் அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

சுவிட்சைத் தட்டினேன். கதவைச் சாத்தினேன். படம் அருமையாக வந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் சத்தம். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா தலைவிரி கோலமாக நின்றாள். காசிமேட்டுச் சேதி வீணாகியிருந்தது, பொழுது விடிந்தும் போட் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குள் போனதை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"என் வூட்டு வெளக்க அணச்சிட்டியேடி! நம்ம பொண்ணுன்னுதானேடி நம்புனேன்! நீ நல்லாருப்பியா?"

முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த கடல் மணலை இரண்டு கையாலும் அள்ளி எங்கள் வாசலில் வாரித் தூற்றினாள். தெருவே பார்த்தது. நான் ஜன்னலுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா உள்ளே வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வெளக்க தொட்டியா நீ?"

"நான் பல்பைத்தாம்மா நிறுத்தினேன். விளக்கைத் தொடல."

தொடவில்லைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை அப்படியே பிடித்துக்கொண்டு அம்மா வெளியே போனாள். "எம்பொண்ணு வெளக்க தொட்டிருந்தா எங்கொடி வெளங்காம போவட்டும். கற்பூரம் கொண்டா, அடிச்சி சத்தியம் பண்றேன்" என்று நடுத்தெருவில் கத்தினாள். கற்பூரத்துக்கு யாராவது ஓடியிருந்தால் நான் வெளியே வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யாரும் ஓடவில்லை. அக்கா அழுதுகொண்டே திரும்பிப் போனாள்.

அன்று மதியமே போட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். எஞ்சின் நின்று வடக்கே இழுத்துப்போய், பழவேற்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரு மீன் வண்டியில் ஏறி, உப்புப் பூத்த தோலோடு வந்து இறங்கினார்களாம். அம்மா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என் உடம்பெல்லாம் ஆறியது. சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர்கள் பிழைத்ததற்காக என்று நினைத்துக்கொண்டேன். நான் தப்பித்ததற்காகவும்தான்.

சாயங்காலம் அக்கா வந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். கையில் ஒரு தாள் பொட்டலம். எழுந்து நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை.

"உன்ன போயி மண்ணள்ளி தூத்திட்டேன் பாப்பா. பாவி நானு. பல்பு போனா போவுது, நீ வெளக்க தொடுவியா? நீ யாரு, நம்ம வூட்டுப் பொண்ணு. எண்ண பத்தல பாப்பா. காசிமேட்டுக்கு ஓட்ற அவசரத்துல நாந்தான் சரியா ஊத்தல. என் கைதான் தப்பு. மலையேறினதுக்கு உம்மேல பழி போட்டுட்டேன்."

அகலில் எண்ணெய் நிறைய இருந்ததைப் பார்த்தது உலகத்தில் இரண்டு பேர். ஊற்றிய அவள் கலவரத்தில் மறந்துவிட்டாள், திரும்பி வந்து ஏற்றியபோதும் கவனிக்கவில்லை. பார்த்த எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊத்தின எண்ணெய் போதும்க்கா, கதவைத் திறந்தவள் நான், தீப்பெட்டியைப் பார்த்தும் ஏற்றாதவள் நான் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. அம்மா பக்கத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அவள் செய்யவிருந்த சத்தியம் அந்த அறையில் இருந்தது.

"பரவாயில்லக்கா" என்றேன். அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பை நான் பெரிய மனசோடு கொடுத்தேன்.

"பரவால்லன்னு வுட முடியுமா? நான் தூத்துன மண்ணு உன்ன புடிச்சிக்கும். வா, இப்டி ஒக்காரு."

கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், காலையில் தூற்றியதில் எங்கள் வாசலிலிருந்து இப்போது வழித்தெடுத்த மணல். எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்து மூடி, என் தலையை வலமாக மூன்று முறை, இடமாக மூன்று முறை சுற்றினாள். தன் சொல் பலிக்கக்கூடாது, தன் வயிற்றெரிச்சல் இந்தப் பெண்ணை அண்டக்கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு கையைத் திறந்து என் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்பு பாப்பா. மூணு வாட்டி துப்பு."

அவள் உள்ளங்கையில் நான் மூன்று முறை துப்பினேன்.